முத்திரை இல்லாத படம்

ஜனவரி 18, சனி

இரண்டாமாண்டு பி.சி.ஏ.வுக்குச் சமூகப் பணித் திட்டம் கொடுத்துவிட்டார்கள். கணினியையும் இணையத்தையும் பொறுப்பாகப் பயன்படுத்துவது எப்படி என்று சுற்றுவட்டார ஊர்களுக்குப் போய் நாங்கள் சொல்லித்தர வேண்டும். நாங்களே பொறுப்பாகப் பயன்படுத்துகிறோமா என்று யாரும் கேட்கவில்லை.

என் குழுவில் ரிஸ்வானா, ஜெபராஜ். ரிஸ்வானா எதைச் சொன்னாலும் "சார்கிட்ட கேட்டுக்கலாம்" என்பாள். ஜெபராஜ் எதைச் சொன்னாலும் "சரி" என்பான். ஆக, யோசிக்கிற வேலை என் தலையில்.

சஞ்சீவ் குழு பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டது. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கும்மிப்பாட்டு பாடப் போகிறார்களாம். பாடட்டும். நாங்கள் வதந்தியை எடுத்திருக்கிறோம். பிப்ரவரி 11 இணையப் பாதுகாப்பு நாள், அன்றைக்குக் கல்லூரியில் கண்காட்சி. முதலிடம் பெறும் குழு மாநிலப் போட்டிக்குச் சென்னை போகும். அது நாங்களாகத்தான் இருக்க வேண்டும்.

அருள்தாஸ் சார்தான் பொறுப்பு. திட்டத்துக்கு நாட்குறிப்பு எழுதித் தரச் சொன்னார். அவருக்குக் கொடுக்க நல்லபிள்ளையாக ஒன்று தனியாக எழுதிக்கொள்வேன். இது எனக்கு.

ஜனவரி 20, திங்கள்

மாதிரிக்கு ஒரு வதந்தியை நாங்களே தயாரிக்கிறோம். பிள்ளை பிடிக்கிறவன் ஊருக்குள் திரிகிறான் என்கிற பழைய சரக்குதான், ஆனால் அதைவிட வேகமாக ஓடுவது எதுவும் இல்லை. வாசகம் நான் எழுதினேன். "இவன் நம்ம ஏரியாவுல சுத்துறான். மூணு புள்ளைகளக் காணோம். பாத்தா விடாதீங்க. எல்லாருக்கும் அனுப்புங்க." படித்துவிட்டு ஜெபராஜே கொஞ்சம் மிரண்டுபோனான். எனக்குப் பெருமையாக இருந்தது.

படத்துக்கு இணையத்தில் ஒரு தாடிக்காரனைப் பிடித்துப் போட்டிருந்தேன். சார் பார்த்துவிட்டு, "இவர் யாரும்மா?" என்றார்.

"தெரியல சார்."

"தெரியாத மனுசனப் புள்ள புடிக்கிறவன்னு போடுறதுக்கா இந்தத் திட்டம்? யாராவது சம்மதம் சொல்றவங்களப் போய்ப் படம் எடுங்க."

வாட்ச்மேனைக் கேட்டோம். "எம் மூஞ்சியப் பாத்தா அப்படியா இருக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேன்டீன் மாஸ்டர் கரண்டியைக் காட்டினார்.

கடைசியில் மாமாதான். வீரணன் மாமா, அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருக்கிறார். டி.வி.எஸ். வண்டியில் குக்கர், கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். பேச்சு திக்கும். அவசரத்தில் சுத்தமாகவே நின்றுவிடும். அதனால் அவராக எதற்கும் முன்வர மாட்டார், நான் கேட்டால் மறுக்கவும் மாட்டார்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "வெளையாட்டு வெனையாகும்டி. ஊரு ஊராப் போற பய. வேற ஆளப் பாரு."

"நா... நான் நிக்கிறேன்க்கா. புள்ள பா... படிப்புக்குத்தான" என்றார் மாமா.

ஜனவரி 22, புதன்

படம் எடுத்தாகிவிட்டது. மாமாவின் தோளில் ஒரு சாக்கு, கையில் ஒரு சாக்லேட். மனிதர் சிரித்துக்கொண்டே நின்றார். "மாமா, சிரிச்சா யாரு பயப்படுவா?" என்று அதட்டினேன். எங்கோ நாய் குரைத்ததும் திரும்பி ஓரக்கண்ணால் பார்த்தார், அந்த நேரத்தில் அமுக்கினேன். அப்பா, என்ன பார்வை. வீட்டில் யாரும் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

முத்திரை விஷயத்தில் சாரோடு சின்ன வாக்குவாதம். "இது பொய்" என்று சிவப்பு முத்திரையை முகத்தின் மேல் குறுக்காகப் போட்டுத்தான் காட்ட வேண்டும் என்கிறார். எடுத்த எடுப்பிலேயே பொய் என்று எழுதிவிட்டால் யார் ஏமாறுவார்கள்? ஏமாந்தால்தானே பாடம். முதலில் முத்திரை இல்லாமல் காட்டுவோம், கூட்டம் பதறட்டும், அடுத்த சொடுக்கில் முத்திரை வந்து விழட்டும் என்றேன். ரிஸ்வானா, "சார் சொன்னபடியே செய்யலாமே" என்றாள். அவள் அப்படித்தான் சொல்வாள்.

சார் யோசித்துவிட்டுச் சரி என்றார். இப்படி ஒரு யோசனை சஞ்சீவுக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

ஜனவரி 25, சனி

ஒத்தப்புளியில் முதல் நிகழ்ச்சி. பால்வாடிச் சுவரில்தான் படம் காட்டினோம். நல்ல கூட்டம், அதிகமும் பெண்கள். மடியில் பிள்ளைகள்.

படம் விழுந்ததும் சலசலப்பு அடங்கிப்போனது. படத்துக்குக் கீழே இருந்த வாசகத்தை நான் வாசித்தேன். ஒரு அம்மா மடியில் இருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். இரண்டு மூன்று பேர் போனைத் தூக்கிச் சுவரைப் படம் எடுத்தார்கள். எடுக்கட்டும் என்று விட்டேன், அதைப் பற்றியும் கடைசியில் பேசத்தானே போகிறோம். அந்த அமைதியைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்க ஆசைப்பட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். "இவன உங்க ஊர்ல பாத்தா என்ன செய்வீக?" பின்வரிசையில் ஒருத்தர், "கால ஒடிப்போம்" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் யாரோ, "தண்ணி வந்துருச்சு" என்று குரல் கொடுத்தார்கள். நாலு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர். பாதிக் கூட்டம் எழுந்து குடத்தைத் தேடி ஓடிவிட்டது. மிச்சம் இருந்தவர்களுக்கு முத்திரையைக் காட்டி, பொய் என்று விளக்கி, எல்லாம் முறைப்படி செய்தோம். கைதட்டினார்கள். ஒரு பாட்டி, "நல்லா ஏமாத்துனீகடி" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

மொத்தத்தில் வெற்றி. சாரிடம் கொடுக்கும் குறிப்பில் கூட்டம் முழுவதும் கடைசிவரை இருந்ததாகவே எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம். வந்து துணி துவைத்தேன். மாமாவின் கரிச் சட்டைகளைத் துவைப்பதற்குள் கை போய்விட்டது.

ஜனவரி 31, வெள்ளி

அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை. மத்தியானமே பெற்றோர்கள் வந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்களாம், சோறு மீந்துவிட்டது. "புள்ள புடிக்கிறவய்ங்க வந்துருக்காய்ங்களாம்டி. மேக்க எங்கிட்டோ மூணு புள்ளைகளக் காணோமாம்."

நான் சிரித்துவிட்டேன். நாங்கள் மாதிரி செய்தால் ஊரே நிஜத்தில் ஒன்றைக் கிளப்பிவிட்டிருக்கிறது. கண்காட்சியில் சேர்த்துக்கொள்ள நல்ல உதாரணம்.

மூணு பிள்ளைகள் என்று அம்மா சொன்னது கொஞ்சம் உறுத்தியது. மூணு என்பது எல்லாரும் சொல்கிற எண்தான்.

பிப்ரவரி 1, சனி

மளிகைக்கடை அக்கா போனில் காட்டினாள். மாமாவின் படம். சாக்கு, சாக்லேட், ஓரக்கண். கீழே என் வாசகம், ஒரு எழுத்து மாறவில்லை. கூடவே யாரோ ஒரு ஆணின் குரல்பதிவு, தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறான். பலமுறை பகிரப்பட்டது என்று மேலே போட்டிருந்தது.

"மூஞ்சியப் பாரேன், கொலகாரப் பய" என்றாள் அக்கா. இந்த அக்காவின் குக்கருக்குப் போன மாதம்தான் மாமா கேஸ்கட் மாற்றிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ரிஸ்வானாவுக்கும் ஜெபராஜுக்கும் போன் போட்டேன். இது சஞ்சீவ் குழு வேலைதான். எங்கள் கணினியிலிருந்து படத்தைச் சுட்டு வெளியே விட்டிருக்கிறார்கள் என்றேன். படத்தின் ஓரத்தில் நீலச் சுவரும் ஒரு கிளியின் வாலும் தெரிகிறதே என்றாள் ரிஸ்வானா. பால்வாடி என்றால் எல்லா ஊரிலும் நீலச் சுவர்தான், எல்லாச் சுவரிலும் கிளிதான். அவளுக்கு எப்போதும் என்னிடம் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும்.

மாமாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. அவருக்கு இது எதுவும் தெரியாது. சாயங்காலம் வந்து, எந்த ஊரிலோ கொடுத்த கொய்யாப்பழங்களை என் முன்னால் வைத்தார். சாப்பிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

சாரிடம் சொன்னோம். முகம் வெளுத்துவிட்டது. "ஒத்தப்புளில எல்லாரும் கடைசிவரைக்கும் இருந்தாங்கன்னுதானம்மா எழுதியிருந்த?" என்றார்.

"ஆமா சார்" என்றேன். ரிஸ்வானா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

முதல்வர் அறைக்குப் போனோம். அடுத்த வாரம் மதிப்பீட்டுக் குழு வருகிறது, இந்த நேரத்தில் எங்கள் மாணவர்கள்தான் இதைச் செய்தார்கள் என்று போலீஸுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு நிற்க முடியாது, ஓரிரு நாளில் தானாக அடங்கிவிடும் என்றார். சார் வாயைத் திறக்கவில்லை.

எனக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. சொல்ல வேண்டாம் என்று பெரியவர்களே சொல்லிவிட்டார்களே.

பிப்ரவரி 4, செவ்வாய்

நாங்களாக ஒரு மறுப்பு தயாரித்து அனுப்பினோம். அதே படம், மேலே பெரிதாக "இது பொய், நம்பாதீர்கள்." தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்த கதைதான். எங்கள் மறுப்பை எங்கள் வகுப்பைத் தவிர யாரும் பகிரவில்லை. மத்தியானம் ஜெபராஜின் சித்தப்பா அதையே அவனுக்கு அனுப்பியிருந்தார். பொய் என்ற வரியை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, "தெளிவான போட்டோ கிடைத்துவிட்டது" என்று எழுதியிருந்தார். நாங்களே புதுப்படம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம்.

காலையில் மாமா கிளம்புவதற்கு முன்னால் வண்டியின் பிளக்கைக் கழற்றி ஒளித்துவைத்துவிட்டேன். உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்தார். அம்மாவின் பழைய அடுப்பைத் துடைத்து எண்ணெய் போட்டார். இன்று ஒரு நாள் தாண்டியாகிவிட்டது.

பிப்ரவரி 5, புதன்

பிளக் என் ஜாமெட்ரி பெட்டியில் இருந்ததை மாமா கண்டுபிடித்துவிட்டார். பேனா தேடப் போயிருக்கிறார். சத்தம் போடவில்லை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "எ... எதுக்குத்தா?" என்று மட்டும் கேட்டார்.

சொல்லிவிட்டேன். சஞ்சீவ் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன், பாதியில் அழுகை வந்துவிட்டது. தண்ணீர் வந்ததையும் கூட்டம் ஓடியதையும் சேர்த்தே சொன்னேன். அதை வாயால் சொன்னது அதுதான் முதல்முறை. என் போனை வாங்கிப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"ந... நல்லாத்தான் எடுத்திருக்க."

அம்மா அடுப்படியிலிருந்து வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். "வீரணா, ஒரு மாசத்துக்கு வாசப்படி தாண்டக் கூடாது. அடிச்சுக் கொன்னுட்டு அப்புறமா யாருன்னு கேப்பாய்ங்க."

"எ... என்னைய அவுகளுக்குத் தெரியாதாக்கா? பத்துப் பன்னெண்டு வருசமாப் போறேன்."

"மளிகைக்கடைக்காரிக்குந்தான் ஒங்களத் தெரியும். அவளுக்கே அடையாளம் தெரியல மாமா" என்றேன்.

அதற்கு அவர் கொஞ்சம் சிரித்தார். ஒத்தப்புளியில் காதுகுத்து வீட்டு அடுப்பு ஒன்று ரிப்பேருக்கு வந்திருக்கிறது, அதைக் கொடுக்க வேண்டும் என்றார். அம்மா கும்பிடாத குறையாகக் கெஞ்சினாள். மாமாவுக்கு வார்த்தை சிக்கிக்கொண்டது. ரொம்ப நேரம் முயற்சி செய்து சொன்னார். "ஒ... ஒளிஞ்சா உண்மைன்னு ஆயிரும்க்கா."

பிறகு, சரி போகவில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தார். பிளக்கை எங்கே வைத்தார் என்று நான் பார்க்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று எழுத முடியாது.

பிப்ரவரி 7, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்வேன். எனக்கு அந்தப் பழக்கம் இருப்பது இப்போது எனக்கே தெரிகிறது.

நேற்று லேப் நடந்துகொண்டிருக்கும்போது அம்மா போன் செய்தாள். "போயிட்டான்டி. அடுப்பையும் காணோம், வண்டியையும் காணோம்." மாமாவுக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சாரிடம் ஓடினேன். சார் என்னைப் பார்த்துவிட்டு, யாரிடமும் அனுமதி கேட்காமல், என் முன்னாலேயே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். படம் எங்களுடையது என்பதையும் சொன்னார். நான் ஜெபராஜ் வண்டியில் ஏறினேன். வழியெல்லாம் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே போனேன், எந்த வேண்டுதலும் வாயில் முழுசாக வரவில்லை.

ஒத்தப்புளி விலக்கில் திரும்பியதும் மாமாவின் வண்டி தெரிந்தது. ரோட்டோரம் சாய்ந்து கிடந்தது. காதுகுத்து வீட்டு அடுப்பு மண்ணில் கவிழ்ந்திருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டம். பையன்கள் தொட்டிமேல் ஏறி நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். என்னை யாரும் தடுக்கவில்லை.

தரையில் ஒருவன் கிடந்தான். பச்சைச் சட்டை, முகமெல்லாம் ரத்தம். மாமாவிடம் பச்சைச் சட்டை கிடையாது.

மாமா இல்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். வேறு யாரோ, நல்லவேளை, வேறு யாரோ. ஒரு மனிதன் மண்ணில் கிடக்கிறான், நான் சாமிக்கு நன்றி சொல்கிறேன்.

அதற்குப் பிறகுதான் மாமாவைப் பார்த்தேன். கீழே மண்டியிட்டு அந்த ஆளின் தலையைத் தன் இரண்டு கையாலும் மூடிப் பிடித்திருந்தார். அவர் முதுகிலும் மண்ணும் தடியடித் தடமும். ஒரு இளவட்டம் அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான், மரியாதையாகத்தான். "குக்கர்காரண்ணே, நீங்க வெலகுங்க. ஒங்களுக்கு வெவரம் தெரியாது."

மாமாவின் வாய் அசைந்தது. ஒரு எழுத்துகூட வரவில்லை. கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது.

"இவன்தாண்ணே அது. கையில முட்டாயி வச்சிருந்தான், நம்ம பாசையும் பேச மாட்டேங்கிறான். நம்பலேன்னா இந்தா போட்டோவப் பாருங்க" என்று அந்தப் பையன் போனை நீட்டினான். மாமாவிடம் மாமாவின் படத்தையே காட்டினான்.

நான் கத்தினேன். "அது எங்க மாமா. போன்ல இருக்குறது இவரு. படம் எடுத்தது நான்."

கூட்டம் போனைப் பார்த்தது. மாமாவைப் பார்த்தது. திரும்பவும் போனைப் பார்த்தது. பச்சைச் சட்டைக்காரருக்கு மாமாவைப் போல மீசைகூட இல்லை, மாமாவைவிட எவ்வளவோ சின்ன வயசு. இத்தனை பேரில் ஒருத்தருக்கும் அது கண்ணில் படவில்லை. இடுப்பில் குடத்தோடு நின்ற ஒரு பெண் முன்னால் வந்தாள். "ஏ, நீ பால்வாடில படம் காட்டுன புள்ளைல?"

"நாந்தான். அது பொய்ப் படம். பொய்யின்னு சொல்றதுக்கு முன்னாடியே நீங்க தண்ணி புடிக்கப் போயிட்டீக."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "அத மொதல்லயே சொல்லியிருக்க வேண்டியதுதான?"



ஜீப் வந்தது. பிறகு ஆம்புலன்ஸ். கூட்டம் எந்தப் பக்கம் கரைந்தது என்றே தெரியவில்லை, தடி வைத்திருந்த ஒருத்தரையும் காணோம். மாமாவை எழுப்பி நிறுத்தினோம். நடந்து போய்த் தன் வண்டியை நிமிர்த்தினார். அடுப்பைத் தட்டித் துடைத்தார்.

பிப்ரவரி 8, சனி

அடிபட்டவர் பெயர் சுக்ராம். ஜார்க்கண்ட் பக்கம். செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். சூளையில் இருக்கும் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்க ஒத்தப்புளிக் கடைக்கு வந்திருக்கிறார். வலது கை முறிந்திருக்கிறது. ஒரு கண் திறக்கவில்லை, பார்வைக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னாராம்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். சஞ்சீவின் பெயரை எழுதவில்லை. கூட்டம் பாதியில் போனதையும் நான் அதை மறைத்ததையும் எழுதினேன். ரிஸ்வானா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், "நாந்தான் சொன்னேனே" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதற்காகவே அவளை இனிமேல் கிண்டல் செய்யக் கூடாது.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். வீட்டில் டி.வி. போடவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாமா இட்லி கட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். சுக்ராம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மாமா மெதுவாகத் தோளைத் தொட்டார்.

அவர் திரும்பினார். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அலறினார். இருந்த ஒரு கையால் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டு நடுங்கினார். நர்ஸ் ஓடிவந்து எங்களை வெளியே போகச் சொன்னார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. காப்பாற்றியவரைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும்? வெளியே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. அடிக்கும்போது அந்தப் படத்தைத்தானே அவர் மூக்குக்கு நேராகப் பிடித்து, இது நீதானே, நீதானே என்று கேட்டிருப்பார்கள். மாமா பின்னாலிருந்து கவிழ்ந்து மூடிக்கொண்டவர், அவர் முகம் சுக்ராமுக்குத் தெரியாது. இவருக்குத் தெரிந்த முகம் போனில் இருந்த முகம்தான். அதைப் பார்த்தால் அடி விழும்.

ஊரில் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாத மாமாவை அவர் ஒருவர்தான் சரியாக அடையாளம் கண்டுபிடித்தார்.

மாமா இட்லிப் பொட்டலத்தை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு மீசையை மழித்துவிட்டார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பிப்ரவரி 10, திங்கள்

கண்காட்சியிலிருந்து எங்கள் குழுவை எடுத்துவிட்டார்கள். சாருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ். முதல்வரைக் கேட்காமல் போலீஸுக்குச் சொன்னாராம், அதற்கு.

அப்பா லாரியோடு நாக்பூரில் இருக்கிறார். பயப்படுவார் என்று அம்மா அவரிடம் எதையும் சொல்லவில்லை. இன்று காலையில் அவர் போனிலிருந்து எனக்கு அந்தப் படம் வந்தது. நிறம் மங்கி, ஓரங்கள் வெட்டுப்பட்டு, கீழே எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் ஏதோ வாசகம். கூடவே அப்பாவின் குரல். "பாப்பா, இங்க டிரைவருக எல்லாம் இதத்தான் பேசுறாய்ங்க. அங்கயும் இருப்பாய்ங்க. தனியா எங்கயும் போகாத. மாமாவக் கூட்டிட்டுப் போ."

பிப்ரவரி 11, செவ்வாய்

கல்லூரியில் கண்காட்சி. சஞ்சீவ் குழுவின் கும்மிப்பாட்டு தெருவரை கேட்டிருக்கும். நான் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். இட்லிப் பொட்டலத்தோடு மாமாவும் வந்தார். வார்டு வாசலைத் தாண்ட மாட்டேன் என்று வெளியிலேயே நின்றுகொண்டார்.

சுக்ராம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துப் பயப்படவில்லை, என் முகம் எந்தப் போனிலும் இல்லையே. போனில் மொழிபெயர்க்கிற செயலியைத் திறந்தேன். நான் தமிழில் சொன்னால் அது இந்தியில் பேசும் என்று சைகையில் காட்டினேன். தலையாட்டினார்.

முந்தின நாளே யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் மறந்துவிட்டன. சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். அந்தப் படத்தை எடுத்தது நான். அதில் இருப்பவர் என் மாமா. அவர் யாரையும் பிடித்துக்கொண்டு போகிறவர் இல்லை, நான்தான் அப்படி நிற்கச் சொன்னேன். பாடம் நடத்துவதற்காக. அன்றைக்கு உங்கள் தலையை மூடிக்கொண்டு அடி வாங்கியது அவர்தான், இப்போது வாசலில் நிற்கிறார். நீங்கள் அடிபட்டது என்னால்.

போன் ஒவ்வொன்றாக இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தது. என் குற்றத்தை அது ஏதோ ரயில் நேரம் அறிவிப்பதுபோலச் சொன்னது. கடைசி வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னார். மறுபடியும் கேட்டார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும்போல இருந்தது.

அவர் ஏதோ சொன்னார். போன் தமிழில் சொன்னது: "அந்தப் படம் இன்னும் உன்னிடம் இருக்கிறதா?"

"இருக்கு" என்றேன்.

"அழித்துவிடு."

அவர் கண்ணுக்கு முன்னால் படத்தைத் திறந்தேன். பார்த்ததும் தோள் ஒடுங்கினார், ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை. அழித்தேன். போனில் இருந்த மற்றப் பிரதிகளையும் அழித்து, போனின் குப்பைத் தொட்டியைத் திறந்து அதிலிருந்தும் அழித்தேன். இடது கையால் போனை வாங்கி, விரலால் தள்ளித் தள்ளி, என் படங்கள் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். அது இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"இனி அதைக் காட்டி யாரையும் அடிக்க மாட்டார்கள், அப்படித்தானே?"

நாக்பூர் நினைவுக்கு வந்தது. எந்த ஊரிலோ, எந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலோ, மிட்டாய் வாங்க வந்த யாரோ ஒருவர். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வீங்கிய கண்ணைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"ஆமா" என்றேன். போன் அதை உடனே அவருக்குச் சொல்லிவிட்டது.

அவர் முகம் தெளிந்தது. வாசல் பக்கம் கையைக் காட்டி, மாமாவை உள்ளே வரச் சொன்னார். மாமா தயங்கித் தயங்கி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சுக்ராம் நான் சொன்னதை நம்பிவிட்டு, மாமா பிட்டுக் கொடுத்த இட்லியைச் சாப்பிட ஆரம்பித்தார்.